மூன்று மணி நிழல்

பதினாறு தகடு.
மானிப்பாய்ப் பெடியள் மூன்று பேர்
இரண்டு நாள் ஓட்டுக்கு மேல் நடந்து பூட்டினார்கள்.
உடைந்த ஓடு ஏழு.
வங்கிக் கடன் ஏழு வருடம்.
வெயிலுக்கு வட்டி இல்லைதான்,
வெயிலைப் பிடிக்கிற கண்ணாடிக்கு உண்டு.

மருந்தகம் திறக்கப் போகுமுன் போனைப் பார்ப்பேன்.
ஆறரைக்கு ஒரு பச்சைக் கோடு
சோம்பலாய் எழும்பும்,
பன்னிரண்டுக்கு நிறைமாத வயிறாகும்,
பின்னேரம் மூன்றுக்கு
யாரோ கத்தரிக்கோல் வைத்ததுபோல் விழும்.

கத்தரிக்கோல்
மேற்கு வளவுக் கறுத்தக்கொழும்பான்.
செல்வரூபனின் மரம்.
மதிலை அவன் எட்டடிக்குக் கட்டினான்,
மரத்துக்கு அதைச் சொல்லவில்லை.
மாதம் ஒரு காஸ் சிலிண்டர்க் காசு
அந்த இலைகளுக்குள் போகிறது.
கணக்குப் பார்த்தது நான்.
நந்தகோபன் சொன்னார்,
"மரத்தோடு கணக்குப் பாக்கிறியே?"
அவருக்கென்ன,
கடன் என் சம்பளத்தில் கழிகிறது.

பளை தாண்டும்போதெல்லாம்
பஸ் யன்னலால் காற்றாடிகளைப் பார்ப்பேன்.
பொறாமைதான்.
அவற்றின் பக்கத்தில் யாரும்
மாங்கன்று நடவில்லை.

செல்வரூபன் இருப்பது ஸ்காபரோவில்.
வீடு பூட்டு. மின்சார சபை
அவன் இணைப்பை வெட்டி நாலு வருடம்.
வளவைப் பார்க்கிற கமராவுக்கு மட்டும்
எங்கள் சுவரைத் துளைத்து ஒரு வயர் போகிறது.
காசு வாங்குவதில்லை, அயல் என்று.
ஆக,
என் வெயிலைத் தின்கிற மரத்தை
என் வெயிலில்தான் அவன் பார்க்கிறான்.

வட்ஸ்அப்பில் கேட்டேன்:
மேற்குப் பக்கம், ஒரே ஒரு கொப்பு.
குரல் செய்தி வந்தது.
பங்குனியிலும் பனி தள்ளுகிறான், சவள் உரசுகிற சத்தம்.
"அக்கா, அந்தக் கொப்பிலதான் காய் பிடிச்சிருக்கு.
கமராவில எண்ணினனான். நாப்பத்தொண்டு."

அன்று பின்னேரம் பிளக்கைக் கழற்றினேன்.
பத்து நிமிடம் இல்லை, கோல்.
"என்னக்கா, அங்க கரண்ட் இல்லையோ?"
"கரண்ட் இருக்கு.
நிழல்."
அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.
சோறு அடிப்பிடிக்கிற மணம் வரவே
திரும்பப் பூட்டிவிட்டுப் போனேன்.

வருடப் பிறப்புக்கு முந்தின ஞாயிறு
சபையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
மின் தேவை குறைவு.
கூரைச் சூரியத் தொகுதிகளைப்
பிற்பகல் மூன்று வரை நிறுத்தி வைக்கவும்.

இரண்டு தரம் வாசித்தேன்.
பத்து மணி நேர இருட்டில்
இன்சுலினை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு
மருந்தகக் கதவைப் பாதி சாத்தியிருந்த வருடம்
இன்னும் கைவிரலில் குளிர்கிறது.
இப்போது கூடிப்போய்விட்டதாம்.

சிவப்புக் கைபிடியைக் கீழே இழுத்தேன்.
இன்வேட்டரின் மூச்சு நின்றது.
மேலே கண்ணாடி சும்மா கொதித்தது,
கீழே விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது,
நுரைச்சோலைக் கரியிலோ, மலைநாட்டுத் தண்ணீரிலோ,
யார் கண்டது.
போனில் பச்சைக் கோடு இல்லை.
தகடு கழுவுகிற தும்பைத் தடியில் கட்டினேன்,
அவிழ்த்தேன்,
மறுபடி கட்டினேன்.

சரியாக மூன்று.
கைபிடியை மேலே தள்ளிவிட்டு வெளியே வந்தால்
நிழல்
எனக்கு முன்னமே ஏறி
நாலாவது தகட்டில் இருக்கிறது.
சிரிப்பு வந்துவிட்டது,
தனியே, முற்றத்தில், தும்புத் தடியோடு.

அப்போதுதான் டொக்கென்று ஒன்று
கண்ணாடியில் விழுந்து
ஓட்டில் உருண்டு
பீலிக்குள் போய் நின்றது.
ஏணி வைத்து எடுத்தேன்.
பச்சைக் காய், காம்பில் பால்.
கண்ணாடியில் கீறல் இல்லை.

உப்பும் தூளும் தொட்டு
பாதி கடித்தபின் எழுதினேன்:
இனி நாற்பது.

"கண்டனான்" என்று வந்தது.
அங்கே அப்போது
விடிய ஐந்தரை.